ஃபிஞ்ச் குஞ்சுகளைப் பெரிய கூண்டுக்கு எப்போது மாற்றலாம்?

போன வாரம் பக்கத்து வீட்டுப் பையன் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்துக் கேட்டான். "மாமா, அஞ்சு குஞ்சும் கூட்டை விட்டு வெளியே வந்துடுச்சு. அப்பா பெரிய கூண்டு வாங்கிட்டாரு. இன்னிக்கே மாத்திடலாமா?"

"வெளியே வந்து எத்தனை நாள் ஆச்சு?"

"மூணு நாள்."

"அப்ப மாத்தாத. கூண்டைக் கழுவி வெயில்ல வை. இன்னும் ரெண்டு வாரம் அதுக்கு வேலை இல்ல."

பையன் முகம் சுருங்கிவிட்டது. அந்தச் சுருக்கம் எனக்குத் தெரிந்ததுதான். பதினோரு வருடத்துக்கு முன் நானும் அப்படி ஆசைப்பட்டேன், என்னைத் தடுக்க மதிலுக்கு அந்தப் பக்கம் ஒருவரும் இல்லை. ஜீப்ரா ஃபிஞ்ச் என்ற சின்னக் குருவி, முதல் ஈட்டில் நாலு குஞ்சு. வெளியே வந்த நாலாம் நாள், வேலை முடிந்து வீடு திரும்பி, சாயங்காலம் ஆறரை மணிக்கு அவற்றைப் புதுக் கூண்டில் விட்டேன். நாலடி நீளக் கூண்டு, பளபளவென்று இருந்தது. ஒரு கிண்ணம் நிறையத் தினை, இன்னொரு கிண்ணம் நிறையத் தண்ணீர். மறுநாள் காலையில் ஒரு குஞ்சு மூலையில் உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மத்தியானத்துக்குள் போய்விட்டது. அதற்கு அடுத்த நாள் இன்னொன்று. கிண்ணத்தில் தினை வைத்தது வைத்தபடி இருந்தது. வாங்கின இடத்தில் கேட்டதற்கு, "குளிர் அடிச்சிருக்கும்" என்றார்கள். மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் குளிராவது! அது பசி. தீனி இருக்கும் கூண்டிலேயே பசியால் செத்துப்போயின.

பெரிய கூண்டு என்பது குஞ்சுக்குப் பெரிய ஊர். சோறு எந்தத் தெருவில் கிடைக்கும், தண்ணீர்க் குழாய் எங்கே, ராத்திரி எங்கே படுப்பது என்று தெரியாத பிள்ளையைக் கொண்டுபோய்ப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டால் என்ன ஆகுமோ, அதுதான் என் குஞ்சுகளுக்கு ஆனது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

எங்கள் ஊர்ப் பக்கம் வீட்டு வாசலில் பறவைக் கூண்டு தொங்குவது பழைய பழக்கம். மெர்போக் புறா, மூராய், மாத்தா புத்தே என்று கூவுகிற பறவைகளுக்குத்தான் மவுசு. அவற்றில் காட்டிலிருந்து வரும் பறவைகளும் உண்டு. அந்தக் கணக்கு வேறு, அதற்கு 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நான் இங்கே சொல்வது ஜீப்ரா ஃபிஞ்ச். ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிப் பறவை, பல தலைமுறைகளாகக் கூண்டிலேயே பொரித்துப் பெருகி வருவது. நாலு அங்குல நீளம், 12 கிராம் எடை. ஆணுக்குக் கன்னத்தில் ஆரஞ்சுத் திட்டு, தொண்டையில் வரி வரியாகக் கோடு, விலாவில் வெள்ளைப் புள்ளி. சிவந்த அலகு. "மீ மீ மீ" என்று பொம்மை எக்காளம் ஊதுவது போல் நாள் பூராவும் சத்தம். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு இதைவிடச் சுலபமான பறவை இல்லை.

பறப்புக் கூண்டு என்றால் என்ன

பறவை சிறகை விரித்துச் சில தடவையாவது அடித்து, ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நேராகப் பறந்து போய் உட்கார இடம் கொடுக்கும் கூண்டுதான் பறப்புக் கூண்டு. இனப்பெருக்கத்துக்கு வைக்கும் கூண்டு சின்னது. ஒன்றரை அடி, இரண்டடி நீளம் இருக்கும். அதில் ஜோடி கூடு கட்டும், முட்டை இடும், அடைகாக்கும். அந்த வேலைக்கு அது போதும். ஆனால் அதில் ஃபிஞ்ச் பறப்பதில்லை, தாவுகிறது. கவனித்துப் பாருங்கள். குச்சியிலிருந்து குச்சிக்கு ஒரு துள்ளல், அவ்வளவுதான்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கூண்டு வாங்கப் போனால் உயரமான கூண்டைப் பார்த்து, "எவ்வளவு பெருசு!" என்று வாங்கி வந்துவிடுகிறோம். நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று சொல்கிறோமே, அந்தச் சின்னக் கிளிகளுக்கு உயரம் உதவும். அவை அலகால் கம்பியைக் கவ்விக் காலால் ஏறும். ஃபிஞ்சுக்கு ஏறத் தெரியாது. அதன் அலகு விதை உடைக்க, கால் குச்சியைப் பிடிக்க. மேலே போக வேண்டுமென்றால் பறந்துதான் போக வேண்டும், அதுவும் ஹெலிகாப்டர் மாதிரி நட்டமாக எழும்புவது அதற்குப் பெரிய சிரமம். ஆகவே நாலடி உயரமும் ஒன்றரை அடி அகலமும் உள்ள கூண்டு ஃபிஞ்சுக்கு ஒன்றரை அடிக் கூண்டுதான். அதே கூண்டைப் படுக்க வைத்தால் நாலடிக் கூண்டு. மெர்போக்குக்குச் செய்யும் வட்டமான மூங்கில் கூண்டு பார்க்க அழகு, ஆனால் அதிலும் நீளம் என்று ஒன்று இல்லை.

என் கணக்கு: குறைந்தது மூன்றடி நீளம். நாலடி கிடைத்தால் நல்லது. ஆழம் ஒன்றரை அடி, உயரம் ஒன்றரை இரண்டடி இருந்தால் போதும். நாலடியில் ஐந்தாறு இளசுகள் வசதியாக இருக்கும். அதற்கு மேல் அடைத்தால் நல்ல குச்சிக்குச் சண்டை வரும். கம்பிக்குக் கம்பி இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. குஞ்சின் தலை எதற்குள் நுழைகிறதோ அதற்குள் உடம்பும் நுழையும், அல்லது தலை மட்டும் நுழைந்து மாட்டிக்கொள்ளும். இரண்டாவதுதான் மோசம்.

வலை வாங்கி வீட்டிலேயே அடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. துத்தநாகம் பூசிய புது வலையில் தூளும் துளித்துளி உலோகமும் ஒட்டியிருக்கும். பறவை கொத்தினால் அது உள்ளே போய் விஷமாகும். காடியைத் தொட்டு, கம்பித் துலக்கியால் தேய்த்துக் கழுவி, சில நாள் வெயிலிலும் மழையிலும் போட்டு வையுங்கள். பையனிடம் கூண்டைக் கழுவி வைக்கச் சொன்னதன் காரணமும் இதுதான்.

இவ்வளவு நீளம் எதற்கு என்று கேட்கலாம். ஜீப்ரா ஃபிஞ்ச் நொடிக்கு 25 தடவைக்கு மேல் சிறகடிக்கும். அந்த வேலையைச் செய்வது நெஞ்சுச் சதை. வளர்கிற வயதில் அந்தச் சதைக்கு வேலை கொடுக்கவில்லை என்றால் பறவை கொழுத்துத் தளர்ந்துவிடும். கொழுத்த பெட்டைக்குப் பிற்பாடு முட்டை இடும்போது சிரமம். பறத்தலைக் குஞ்சுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அது உடம்பிலேயே இருக்கிறது. ஆனால் திரும்புவது, வேகத்தைக் குறைப்பது, குச்சியில் சரியாக இறங்குவது எல்லாம் பழகப் பழகத்தான் வரும். முதல் நாள் இறங்குவதைப் பார்த்தால் சிரிப்பு வரும். குச்சியைத் தாண்டிப் போய்க் கம்பியில் மோதி, தொங்கி, ஒன்றும் நடக்காதது மாதிரி இறகைக் கோதிக்கொள்ளும்.

நாள் கணக்கும் அலகுக் கணக்கும்

முட்டை பொரிக்க 12 முதல் 14 நாள். பொரித்த 18-ஆம் நாளிலிருந்து 21-ஆம் நாளுக்குள் குஞ்சு கூட்டை விட்டு வெளியே வரும். அன்றைக்கு அது பார்க்கப் பறவை மாதிரிதான் இருக்கும். இறகு முளைத்திருக்கும், தத்தித் தத்திப் பறக்கும். அதனால்தான் ஏமாந்து போகிறோம். அப்போதும் அப்பனும் அம்மாவும்தான் ஊட்டுகின்றன. குஞ்சு கழுத்தைக் கீழே சாய்த்து, தலையை மேலே முறுக்கி, வாயைப் பிளந்து கத்தும். அப்பன் அதன் வாய்க்குள் அலகை விட்டு, தன் தீனிப்பையில் ஊறிய விதையைக் கக்கி ஊட்டும். பெட்டை அடுத்த ஈட்டுக்கு முட்டை இட ஆரம்பித்துவிட்டால் ஊட்டுகிற வேலை பெரும்பாலும் அப்பன் தலையில்தான்.

பிறகு இரண்டு வாரத்தில் குஞ்சு மெல்ல மெல்லத் தானே தின்னப் பழகும். பொரித்து 35 நாள் வாக்கில் பெரும்பாலானவை தன் காலில் நிற்கும். நான் இன்னும் ஐந்தாறு நாள் சேர்த்து 40-ஐ வைத்துக்கொள்கிறேன். புத்தகக் கணக்கு சராசரிக்குப் பொருந்தும், கடைக்குட்டிக்குப் பொருந்தாது. ஐந்து குஞ்சு ஒரே நாளில் பொரிப்பதில்லை. மூத்ததற்கும் இளையதற்கும் இரண்டு மூன்று நாள் வித்தியாசம் இருக்கும். நாம் மாற்றும் நாளைக் கடைக்குட்டியை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நாட்காட்டியில் குறிக்க மறந்தவர்களுக்கு அலகு இருக்கிறது. குஞ்சின் அலகு கன்னங்கரேலென்று இருக்கும். ஐந்து வாரம் ஆகும்போது அடியிலிருந்து லேசாகச் சாயம் ஏற ஆரம்பித்து, இரண்டு மாதம் போல ஆகும்போது முழுக்க ஆரஞ்சாகிவிடும். அலகு மை பூசினது மாதிரி இருக்கும்வரை குஞ்சைத் தாய் தகப்பனிடமிருந்து பிரிக்காதீர்கள்.

ஆனால் நாளும் அலகும் வெளி அடையாளங்கள். உண்மையான பரீட்சை உமி.

ஃபிஞ்ச் விதையை முழுதாக விழுங்காது. அலகில் வைத்து உருட்டி, தோலை உரித்து, பருப்பை மட்டும் தின்னும். உமி அலகின் ஓரத்தில் வழிந்து விழும். இளங்குஞ்சு கிண்ணத்துக்குள் ஏறி உட்கார்ந்து கொத்துவதைப் பார்த்து, "ஆகா, தின்னுது" என்று நாம் சந்தோஷப்படுவோம். அது விதையை எடுக்கும், உருட்டும், நழுவவிடும். மறுபடி எடுக்கும், நழுவவிடும். பத்து நிமிடம் கொத்தியும் வயிற்றுக்குள் ஒன்றும் போயிருக்காது. ஒரு வெள்ளைத் தாளைக் கிண்ணத்துக்கு அடியில் விரித்து, ஒரே ஒரு குஞ்சைக் குறிவைத்து, ஐந்து நிமிடம் அசையாமல் பாருங்கள். அலகோரத்திலிருந்து மெல்லிய உமி பிசிறுபிசிறாகத் தாளில் விழுந்தால் உரிக்கத் தெரிந்துவிட்டது. எடுத்த விதை முழுசாகவே விழுந்தால் இன்னும் தெரியவில்லை. ஒவ்வொரு குஞ்சையும் தனித்தனியாக இப்படிப் பார்க்க வேண்டும். பொறுமையான வேலைதான். ஒரு கோப்பை தேத்தண்ணி கலக்கிக்கொண்டு உட்காருங்கள்.

உமியைப் பற்றிப் பேசும்போதே இன்னொன்று. பெரிய பறவைகளே இதில் சாகின்றன. தின்ற உமி கிண்ணத்திலேயே மேலாகக் கிடக்கும், தூரத்திலிருந்து பார்த்தால் கிண்ணம் நிறைந்திருக்கிற மாதிரியே தோன்றும். "நேத்துப் போட்டது அப்படியே இருக்கே" என்று நாம் போய்விடுவோம். அடியில் ஒரு விதையும் இருக்காது. தினமும் காலையில் கிண்ணத்தை எடுத்து ஒரு ஊது ஊதுங்கள். பாட்டி முறத்தில் புடைத்துப் பதரைப் பறக்கவிடுவது ஞாபகம் இருக்கும்தானே, அதே வேலை. ஊதின பிறகு மிச்சம் இருப்பதுதான் தீனி.

கூண்டுக்குள் எதை எங்கே வைப்பது

முதலில் குச்சி. இரண்டு முனையிலும் கம்பியிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி, மேலே ஒவ்வொன்று. கம்பியை ஒட்டிக் கட்டினால் வால் உராய்ந்து பிய்ந்துவிடும். நடுவில் ஒன்றும் வேண்டாம். ஊஞ்சல், ஏணி, மணி, பிளாஸ்டிக் செடி எல்லாம் கடைக்காரருக்கு லாபம், பறவைக்குத் தடை. மூன்றடியும் நாலடியும் காசு கொடுத்து வாங்கிவிட்டு நடுவில் நாலு குச்சி கட்டினால் அது மறுபடி ஒன்றரை அடிக் கூண்டாகிவிடும். இந்தத் தவற்றை நான் பார்த்த கூண்டுகளில் பாதிக்கு மேல் பார்த்திருக்கிறேன்.

கடையில் கூண்டோடு வரும் வழுவழுப் பிளாஸ்டிக் குச்சியைக் கழற்றிவிட்டுக் கொய்யாக் கிளை கட்டுங்கள். சுண்டுவிரல் தடிமனில் ஒன்று, அதைவிட மெல்லியதாக ஒன்று. தடிமன் மாறி மாறி இருந்தால் பாதத்துக்கு நல்லது. குச்சிக்கு நேர்க் கீழே தீனியோ தண்ணீரோ இருக்கக் கூடாது. காரணம் சொல்லத் தேவையில்லை.

தீனியை எப்போதும் ஓரிடத்தில் வைக்காதீர்கள். முதல் வாரம் மூன்று இடம்: சின்னக் கூண்டில் இருந்த அதே பழைய கிண்ணம், ஒரு முனைக் குச்சியை ஒட்டித் தொங்கவிட்ட தினைக்கதிர், அப்புறம் தரையில் விரித்த வெள்ளைத் தாளில் தூவின விதை. ஜீப்ரா ஃபிஞ்ச் காட்டில் தரையில் உதிர்ந்த புல்விதையைப் பொறுக்கித் தின்னும் பறவை. மிரண்ட குஞ்சும் முதலில் தரைக்குத்தான் இறங்கும். இறங்கின இடத்தில் தீனி இருக்கட்டும். கடையில் சேகோய் என்று கேட்டால் தினை கொடுப்பார்கள். தினையும் பனிவரகும் கலந்தால் நல்ல தீனி. வள்ளி தினைப்புனத்தில் பரண் மேல் நின்று ஆலோலம் பாடி விரட்டியதில் இந்தச் சின்ன அலகுக்காரர்களின் சொந்தக்காரர்களும் இருந்திருப்பார்கள் என்பது என் நினைப்பு. தினைக்கு அவ்வளவு ஆசை இவற்றுக்கு.

தண்ணீர் இரண்டு இடம், இரண்டுமே ஆழமில்லாத தட்டு. அரை அங்குலத் தண்ணீர் போதும். நான் அன்றைக்கு வைத்த மாதிரி ஆழமான கிண்ணம் வைத்தால் குஞ்சு குளிக்கப் போய் மூழ்கும். கணவாய் ஓட்டில் ஒரு துண்டு கம்பியில் செருகுங்கள், சுண்ணாம்புச் சத்துக்கு. வேகவைத்த முட்டையை ஓட்டோடு மசித்து ஒரு தேக்கரண்டி வைக்கலாம். நம் ஊர் வெக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள், எடுத்துக் கொட்டிவிடுங்கள்.

பாயாம் கீரை, வெள்ளரிக்காய்த் துண்டு, பால் பிடித்த புல்கதிர் எல்லாம் விரும்பித் தின்னும். ஆனால் புல்லை எங்கே பறிக்கிறீர்கள் என்பதில் கவனம். தோட்டத்து ஓரம், செம்பனை வரிசைக்கு நடுவில், சாலையோரக் கால்வாய்க் கரை என்று நமக்குப் புல்லுக்குப் பஞ்சமில்லை. அதே இடத்தில்தான் களைக்கொல்லியும் அடிக்கிறார்கள். பாராகுவாட் 2020 முதல் மலேசியாவில் தடை என்றாலும் வேறு மருந்துகள் இருக்கின்றன. தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு, மருந்தடித்த புல் முதல் இரண்டு மூன்று நாள் பச்சையாகவே நிற்கும் என்பது தெரியும். 12 கிராம் பறவைக்கு அந்தப் பச்சை போதும். கொல்லையில் ஒரு தொட்டியில் தினையைத் தூவிவிட்டால் நம் கதிரை நாமே பறித்துக்கொள்ளலாம்.

கடைசியாக, கூண்டின் இரண்டு குறுக்கு முனைகளிலும் வெளிப்பக்கமாக ஒரு பழைய துண்டையோ இலைக் கிளையையோ கட்டுங்கள். கம்பி குஞ்சின் கண்ணுக்குச் சுவராகத் தெரியாது, வெளியாகத் தெரியும். வேகமாகப் போய் மோதும். ஒரு வாரம் கழித்துத் துண்டை எடுத்துவிடலாம்.

மாற்றும் நாள்

காலையில் மாற்றுங்கள். இங்கே விடியவே ஏழு மணிக்கு மேல் ஆகிறது, சாயங்காலம் ஏழேகாலுக்கு மேல் இருட்டுகிறது. எட்டு மணிக்கு மாற்றினால் தீனியைத் தேடிக் கண்டுபிடிக்கக் குஞ்சுக்குப் பதினோரு மணி நேரம் கிடைக்கும். நான் செய்த மாதிரி ஆறரைக்கு மாற்றினால் ஒரு மணி நேரத்தில் கண் தெரியாது. வெறும் வயிற்றோடு பன்னிரண்டு மணி நேர ராத்திரியைத் தாண்ட வேண்டும். இவ்வளவு சின்ன உடம்பில் சேமிப்பு என்று ஒன்றும் கிடையாது.

நீங்கள் வீட்டில் இருக்கும் நாளாகவும் இருக்கட்டும். சனிக்கிழமை காலை நல்லது, ஞாயிற்றுக்கிழமையும் கூடவே இருந்து பார்க்கலாம். குஞ்சுகளை ஒன்றாகவே மாற்றுங்கள். ஒன்று தீனியைக் கண்டுபிடித்தால் போதும், மற்றவை அதைப் பார்த்துப் பின்னால் வரும். கூட்டத்தில் வாழும் பறவைக்குத் தனிமையே பாதி நோய்.

பிடிக்காமல் மாற்ற முடிந்தால் அதுதான் சிறந்த வழி. முந்தைய நாளே குஞ்சுகளை மட்டும் ஒரு சின்னக் கூண்டில் பிரித்து, தாய் தகப்பன் கூண்டுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். அன்று முழுக்க அவை தானாகத் தின்கின்றனவா என்று பார்க்க இது ஒத்திகை. ஏதாவது ஒன்று உப்பிக்கொண்டு உட்கார்ந்தால், தயங்காமல் அப்பனிடமே திருப்பி விட்டுவிடுங்கள். மறுநாள் காலை அந்தச் சின்னக் கூண்டைத் தூக்கிப் பெரிய கூண்டுக்குள்ளேயே வைத்து, அல்லது வாசலோடு வாசல் சேர்த்துக் கட்டி, கதவைத் திறந்து வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். கால் மணியிலோ ஒரு மணியிலோ ஒன்று வெளியே வரும். பழைய கூண்டு மத்தியானம் வரை அங்கேயே இருக்கட்டும்.

பிடித்துத்தான் ஆக வேண்டும் என்றால் அறையை இருட்டாக்குங்கள். இருட்டில் ஃபிஞ்ச் அசையாது. முதுகுப் பக்கமாகக் கையை வைத்து, கழுத்து ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் வரும்படி, உள்ளங்கையில் முதுகு படிய மெல்லப் பிடியுங்கள். நெஞ்சை அழுத்தவே கூடாது. பறவைக்கு நம்மைப் போல் உதரவிதானம் இல்லை. நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு வரும். "நல்லா இறுக்கிப் பிடி, பறந்துடும்" என்று பக்கத்தில் நின்று யாராவது சொன்னால் அவரை முதலில் வெளியே அனுப்புங்கள்.

விட்ட முதல் மணி நேரம் கலவரமாகத்தான் இருக்கும். மோதும், கத்தும், கம்பியில் தொங்கும். பத்து மணிக்குள் அடங்கிவிடும். மத்தியானத்துக்குள் ஒன்றாவது கொத்த வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு இருக்கிறது கடைசிச் சோதனை. சந்தேகப்படும் குஞ்சை மட்டும் கையில் எடுத்து, கழுத்தின் பக்கவாட்டு இறகை வாயால் மெல்ல ஊதுங்கள். இறகு விலகி, காகிதம் மாதிரி மெல்லிய தோல் தெரியும். தின்றிருந்தால் அந்தத் தோலுக்கு அடியில் தினை மணி மணியாக, ஒரு சின்ன முடிச்சுக் கட்டினது போல் தெரியும். அதுதான் தீனிப்பை. தட்டையாக, வெறும் சிவப்பாக இருந்தால் அது அன்றைக்குத் தின்னவில்லை. இருட்டுவதற்குள் அப்பனிடம் கொண்டுபோய் விடுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி முயற்சி செய்யலாம், அவமானம் ஒன்றும் இல்லை. பதினோரு வருடத்துக்கு முன் இந்த ஓர் ஊதல் எனக்குத் தெரிந்திருந்தால் இரண்டும் பிழைத்திருக்கும்.

ராத்திரிக்கு ஒரு சின்ன விளக்கு. ஐந்து வாட் கூட வேண்டாம், சாமி அறையில் எரியும் பூஜ்ய விளக்கு மாதிரி ஒன்று போதும். எங்கள் பக்கம் செம்பனைத் தோட்டங்களில் எலியை அடக்கப் பெட்டி கட்டி ஆந்தை வளர்க்கிறார்கள். எலிக்கு நல்ல மருந்து, ஆனால் அது கூண்டுக்கு மேலே தாழப் பறந்தால் உள்ளே இருப்பவை திடுக்கிட்டு இருட்டில் சிதறிப் பறக்கும். பெரிய கூண்டில் வேகமும் பெரிது, அடியும் பெரிது. மங்கலான வெளிச்சம் இருந்தால் திரும்பக் குச்சியைக் கண்டுபிடித்து உட்கார்ந்துகொள்ளும். பூனை, பாம்பு இரண்டுக்கும் எட்டாத இடத்தில், சுவரை ஒட்டி, வீட்டு முன்வாசல் தாழ்வாரமான ஐந்தடிக்குள் கூண்டை வையுங்கள். தகரக் கூரைக்கு நேர்க் கீழே வேண்டாம். மத்தியான வெக்கையும் நாலு மணி இடிமழைச் சத்தமும் அங்கேதான் அதிகம். டிங்கிக்குப் புகை அடிக்க வரும் நாளில் கூண்டை வீட்டுக்குள் பின் அறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிடுங்கள். கொசுவத்தியும் கூண்டுக்குப் பக்கத்தில் கூடாது. பறவையின் நுரையீரல் காற்றிலிருந்து ஒவ்வொரு துளியையும் வடித்து எடுக்கும், நஞ்சையும் சேர்த்து.

அப்பன் சத்தம் கேட்கிற தூரத்தில்

பெரிய கூண்டை எங்கே தொங்கவிடுவது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஜீப்ரா ஃபிஞ்சில் ஆண் மட்டும்தான் பாடும். அந்தப் பாட்டு பிறவியில் வருவதில்லை, அப்பனிடம் கேட்டுப் படிப்பது. பொரித்து 25 நாளிலிருந்து 65 நாள் வரைக்கும் கேட்டு மனப்பாடம் செய்து, முனகி முனகிப் பழகி, 90 நாள் வாக்கில் அதன் பாட்டு உறுதியாகிவிடும். அதற்குப் பிறகு ஆயுசுக்கும் அதே பாட்டுதான். குழந்தை பேசப் படிப்பது போன்ற இந்த வித்தைக்காகவே விஞ்ஞானிகள் இந்தப் பறவையை விடாமல் ஆராய்கிறார்கள். 2010-இல் இதன் மரபணுத் தொகுதி முழுவதையும் வாசித்து வெளியிட்டார்கள், கோழிக்கு அடுத்தபடியாக அந்தப் பெருமை பெற்ற இரண்டாவது பறவை இது. நாம் 40-ஆம் நாள் குஞ்சைப் பிரிக்கும்போது அது பாடத்தின் நடுவில் இருக்கிறது. ஆகவே பறப்புக் கூண்டை அப்பன் கூண்டு தெரிகிற, அதன் சத்தம் கேட்கிற தூரத்தில் வையுங்கள். கொல்லைப்புறத்தில் தனியாக வைத்தால் பிற்பாடு அரைகுறைப் பாட்டோடு திரியும்.

ஆண் எது பெண் எது என்பதும் அந்தச் சமயத்தில்தான் தெரிய ஆரம்பிக்கும். ஐந்தாறு வாரத்தில் ஆணின் கன்னத்தில் துருப்பிடித்தது போல் ஓரிரண்டு இறகு எட்டிப் பார்க்கும். மூன்று மாதத்தில் முழு வேஷமும் வந்துவிடும். வெள்ளை நிறக் குருவிகளில் கன்னத் திட்டு இருக்காது, அவற்றைப் பாட்டை வைத்துப் பிரிக்கலாம். இவை மூன்று மாதத்திலேயே முட்டை இடத் துணிந்துவிடும், அண்ணன் தங்கை என்ற கணக்கும் பார்க்காது. ஆறு மாதத்துக்கு முன் இனப்பெருக்கம் வேண்டாம். பறப்புக் கூண்டில் கூட்டுப் பெட்டியோ தேங்காய் நாரோ வைக்காதீர்கள். இரண்டு மாதம் நெருங்கும்போது நடுவில் கம்பித் தடுப்பு போட்டு ஆணைத் தனியாகவும் பெண்ணைத் தனியாகவும் பிரித்துவிடுங்கள், அல்லது இன்னொரு கூண்டு பாருங்கள். தடுப்பு போட்டால் நாலடி இரண்டடியாகிவிடுமே என்று கேட்டால், ஆமாம், ஆகிவிடும். அதனால்தான் நான் இரண்டாவது கூண்டு வாங்கினேன். அப்புறம் மூன்றாவது. வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு எடுப்பதில்லை.

பையன் இப்போது தினமும் சாயங்காலம் மதிலுக்கு மேலே வந்து கணக்கு ஒப்பிக்கிறான். வெள்ளைத் தாளுக்குப் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் பக்கம் கிழித்திருக்கிறான் என்று அவன் அம்மாவுக்குக் கோபம். நேற்று சொன்னான்: "மூணு உமி உரிக்குது மாமா. ரெண்டு இன்னும் அப்பாகிட்டதான் வாயைத் திறக்குது." அவர்கள் வீட்டு ஐந்தடியில் புதுக் கூண்டு கழுவித் துடைத்து, இரண்டு முனையிலும் கொய்யாக் கிளை கட்டி, காலியாகத் தொங்குகிறது.